பதினோரு ஊர்ப் பட்டியலும் ஒரு முற்றுக்குறியும்

ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் கணிப்பொறியைக் கற்றுக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிற்காலத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள், தானாகவே படித்து முன்னுக்கு வந்தவள் என்று என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற அன்று ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவுப்பசி என்றெல்லாம் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே மாலையை வாங்கிக்கொண்டேன். பசியுமில்லை, ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல்தான்.

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ இருக்கும். கண் சிகிச்சை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம் ஜவ்வாது மலைமேல் சின்னதாக ஒரு நிலையம் வைத்திருந்தது. அதில் தட்டச்சராகச் சேர்ந்தேன். என் ஊர் கணியம்பாடிப் பக்கம். கீழே பிறந்து வளர்ந்தவளை மலைக்கு அனுப்ப வீட்டில் யாருக்கும் மனமில்லை. சம்பளம் எவ்வளவு என்று சொன்ன பிறகு மனம் வந்தது.

நிலையம் என்றால் இரண்டு அறை, ஓட்டுக் கூரை. ஓர் அறையில் மருந்துப் பெட்டிகள். மற்றதில் ஒரு கணிப்பொறி. வெளிநாட்டில் யாரோ உபயோகித்து முடித்துவிட்டு நன்கொடையாகத் தள்ளிவிட்டது அது. சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும். கரும்பச்சைத் திரை. மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். செங்கத்தில் இருந்த எங்கள் அலுவலகத்திலோ புதுக் கணிப்பொறி, புது இயங்குதளம், டாஸ். மேலே இருந்த பிளாப்பியைக் கீழே இருந்த இயந்திரத்தில் போட்டால் அது என்னவென்றே தெரியாது என்று சாதித்துவிடும். கீழே இருந்ததை மேலே போட்டாலும் அதே கதை. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு மென்பொருளை மெட்ராஸிலிருந்து வாங்கி வைத்திருந்தார் எங்கள் கணிப்பொறி அதிகாரி. மாதம் ஒரு முறை என் பிளாப்பி ஜீப்பிலும் பஸ்ஸிலும் இறங்கி அவரிடம் போகும். அவர் அதைத் தன் இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக்கொள்வார். பிறகு தன்னிடம் உள்ளதை என் இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் திருப்பி அனுப்புவார். இரண்டு இடத்திலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அவர் எப்போதும் சஃபாரி சூட்தான் போடுவார். சாம்பல் நிறத்தில் ஒன்று, காப்பி நிறத்தில் ஒன்று. நானும் ஜீப் டிரைவரும் எங்களுக்குள் அவரை சஃபாரிக்காரர் என்றே சொல்வோம். இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

பட்டியலில் வரும் பெயர்களைக் கொண்டுவந்தவர் ஒரு மலைக்கார அக்கா. நெல்லிவாசல்நாட்டுக்காரர், நாற்பது நாற்பத்திரண்டு வயது, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நிறுவனம் அவரைக் களப்பணியாளராக வைத்திருந்தது. பதினோரு ஊர் அவர் பொறுப்பு. ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் வயசானவர்களை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து, விரலை விரித்துக் காட்டி எத்தனை என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் டார்ச் அடித்துப் பார்ப்பார். கண்புரை இருந்தால் நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டில் பெயர் ஏறியவர்களை வேன் அனுப்பிக் கீழே அழைத்துப்போய் அறுவை சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது நிறுவனத்தின் வேலை.

ஆனால் நோட்டில் எழுதியதோடு அக்காவின் வேலை முடியாது. அந்த ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஊரிலிருந்து எந்தப் பட்டியல் வெளியே போனாலும், ஊர்த் தலைவரான கவுண்டர் முன்னால் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை உரக்கப் படித்தாக வேண்டும். நடுவில் யார் வேண்டுமானாலும் மறித்துக் கேட்கலாம். நான் ஒரே ஒரு முறை கூடப் போயிருக்கிறேன். அக்கா படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் எழுந்து, "எங்க மாமனாருக்கு ரெண்டு கண்ணும் தெர்ல. நீ இன்னாத்துக்கு ஒரு கண்ணுன்னு எய்திக்கினு போற?" என்று சண்டைக்கு வந்தாள். அக்கா அங்கேயே அந்த மாமனாரை மறுபடி உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே படித்தார். எல்லாம் முடிந்ததும் கவுண்டர், "ஊர் கேட்டுது" என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பட்டியல் அவர்களுடையது. ஒரு பெயரைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, இன்னோர் ஊரின் பெயரோடு கலக்கவும் கூடாது.

அதனால் நான் ஊருக்கு ஒரு கோப்பாகவே தட்டி வைப்பேன். அந்த இயந்திரத்தில் தமிழ் கிடையாது. பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டி, கடைசி வரியில் 'ஊர் கேட்டது' என்பதையும் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். அக்கா என் பின்னால் நின்று, வாசிக்கத் தெரியாத எழுத்தை உற்றுப் பார்த்து, "அந்தக் கடைசி வரி வந்திச்சாம்மா?" என்று ஒவ்வோர் ஊருக்கும் கேட்பார். வந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் தன் நோட்டில் பக்கத்தைத் திருப்புவார்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் சஃபாரிக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினோரு கோப்பாக அனுப்புவது தொல்லையாக இருக்கிறது, இனி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக அனுப்பவும் என்று. உத்தரவு உத்தரவுதானே. கணிப்பொறியை எங்களுக்குப் பொருத்திக் கொடுத்த ஆள் ஒரு நோட்டில் சில கட்டளைகளை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றோடொன்று சேர்த்து நகலெடுக்கும் கட்டளையும் அதில் இருந்தது. எதுவும் விட்டுப்போகாமல் இருக்க, கட்டளையின் முடிவில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தையும் போடவும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாதே என்று நானும் ஓ போட்டேன். பதினோரு ஊரும் ஒரே கோப்பாயிற்று. பிளாப்பியை அட்டைக்குள் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஜீப்பில் கொடுத்தேன்.

அடுத்த மாதம் வேன் வரும் நாள் முடிவாயிற்று. அக்கா பதினோரு ஊருக்கும் போய்ச் சொன்னார். விடியும்போதே ரோட்டுக்கு வந்துவிடுங்கள், வண்டி வரும் என்று. ரோடு என்பது பல ஊர்களுக்கு இரண்டு மணி, மூன்று மணி நேர நடை. கண் தெரியாதவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். நடக்க முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். வந்தது ஒரே ஒரு வேன். அதில் வந்தவர் கையில் முதல் ஊரின் பெயர்கள் மட்டும் இருந்தன. பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். மற்ற பத்து ஊர்க்காரர்களும் தங்கள் பெயர் இருக்கிறதா என்று அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவர் பாவம், தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அக்கா அடுத்த வண்டி வரும், அடுத்த வண்டி வரும் என்று பொழுது சாயும் வரை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. காலையிலேயே திரும்பியிருக்க வேண்டியவர்கள் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு, வந்த வழியே ஏறிப் போனார்கள். ஒரு கிழவர் போகும்போது அக்காவின் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பி, "இருக்குற கண்ணை வச்சிக்கினே காலத்தை ஓட்டிக்கினு பூட்டிருப்பேனே, ஏம்மா ஆசை காட்டுன?" என்று கேட்டாராம்.

நான்கு நாளில் செங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், இப்போதும் வாசகம் மனப்பாடம். 'மலை நிலையத்திலிருந்து கிடைத்த பட்டியலைச் சரிபார்த்தேன். பட்டியல் முழுமையானது. அதில் ஒரே ஓர் ஊர் மட்டுமே உள்ளது. மற்ற ஊர்களுக்குக் களப்பணியாளர் போகவே இல்லை என்பது தெளிவாகிறது.' அடியில் சஃபாரிக்காரரின் கையெழுத்து. அதோடு இன்னொரு தாள், அக்காவை வேலையிலிருந்து நிறுத்தும் உத்தரவு.

மறுநாளே செங்கம் போனேன். அவர் மேசைக்கு முன்னால் நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, பதினோரு ஊரையும் நான்தான் தட்டினேன், என் கையால் சேர்த்தேன் என்றேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றார். "உள்ள இருந்தா வெளிய வரும். வரலன்னா இல்ல. அவ்வளோதான்."

"சார், என்கிட்ட ஊர் ஊரா தனிக் கோப்பு இருக்குங்க."

"அது நீ வேன் போன பிறகு உக்காந்து அடிச்சதா இருக்கும். யார் கண்டா? அந்தப் பொம்பளைக்குப் பரிஞ்சு பேச வந்துட்ட." பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "மலைக்காரங்களுக்குப் பத்துக்கு மேல எண்ணத் தெரியுமா முதல்ல? உன் வேலை டைப் அடிக்கிறது. அதைப் பண்ணு. சிஸ்டம் எனக்குத் தெரியும்."

பக்கத்து மேசைக் குமாஸ்தா சிரித்தார். நான் படி இறங்கி வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஆளை விடக் கூடாது என்று அன்றைக்கு, அந்த நிறுத்தத்தில், ஒரு மாட்டு வண்டிக்கும் ஒரு கரும்பு லாரிக்கும் நடுவில் நின்றுகொண்டு முடிவு செய்தேன். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது.

பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து பிளாப்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு. 'இரண்டு இடத்திலும் ஒரே கோப்பு இருக்க வேண்டும். உங்களிடம் உள்ள பழையதை அழித்துவிட்டு இதை ஏற்றிக்கொள்ளவும்.' நான் அழிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தேன். நான் அனுப்பியது அவருடையதைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு பெரியது. அவர் அனுப்பியதைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். 'ஊர் கேட்டது.' ஒரு பெயரின் நடுவிலோ ஒரு வரியின் நடுவிலோ அறுபடவில்லை. கத்தியால் வெட்டியதுபோல முதல் ஊர் முடிந்த இடத்தில் முடிந்திருந்தது.

அலமாரிக்கு மேலே இயந்திரத்தோடு வந்த தடிப் புத்தகம் இருந்தது. அதுவரை அதை ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கத்தான் வைத்திருந்தோம். அகராதியோடு உட்கார்ந்து மத்தியானத்துக்குள் கண்டுபிடித்தேன். அந்த இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி விழும். இத்தோடு முற்றிற்று என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறி. நான் ஓ போட்டுச் சேர்த்ததால் ஊருக்கு ஒன்றாகப் பதினொரு முற்றுக்குறியும் அப்படியே உள்ளே போய்விட்டன. கீழே இருந்த டாஸுக்கும் அந்தக் குறியின் அர்த்தம் தெரியும். முதல் குறியைப் பார்த்ததும், முடிந்தது என்று படிப்பதை நிறுத்திவிட்டது. எனக்குத் திருப்பி மாற்றி அனுப்பியபோதும் அந்த முதல் குறி வரைதான் வந்தது. மீதிப் பத்து ஊரும் அதே கோப்பில், அதே பிளாப்பியில், அவருடைய இயந்திரத்துக்குள்ளேயே இருந்தன. கோப்பின் அளவு எவ்வளவு என்று டாஸ் திரையில் ஒவ்வொரு முறையும் காட்டத்தான் செய்யும். ஒரு தாள் பட்டியலுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கோப்பு என்று அவருக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. சிஸ்டம் தெரிந்தவர்!

அந்த நிமிஷமே நான் எழுந்து அக்கா ஊருக்கு நடந்திருக்க வேண்டும். மூன்று மணி நேர நடை. நான் எழவில்லை. மேசை மேல் இன்னொரு சுற்றறிக்கை கிடந்தது. இன்னும் பத்தொன்பது நாளில் செங்கத்தில் கமிட்டிக் கூட்டம். தலைமை டாக்டர், நன்கொடையாளர்கள் எல்லாரும் வருகிறார்கள். இரண்டு வெவ்வேறு இயங்குதளங்களில் ஒரே கோப்பு எப்படிப் புழங்குகிறது என்பதைக் கணிப்பொறி அதிகாரி நேரில் இயக்கிக் காட்டுவார். மலை நிலையத் தட்டச்சர் புதிய பிளாப்பியுடன் வர வேண்டும்.

இன்றைக்கே போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். சின்னத் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு வரி எழுதுவார். அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அவருக்கு ஒரு கீறல்கூட விழாது. அக்காவிடம் மட்டும் சொன்னால் அவர் மறுநாள் விடியும்போதே செங்கத்து அலுவலக வாசலில் நின்று சத்தம் போடுவார், எல்லாம் கெட்டுவிடும். அந்த ஆள் முகம் கறுப்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். பத்தொன்பது நாள் ஒன்றும் பெரிதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவே வந்தார். நிறுவனம் கொடுத்த குடை, டார்ச், கான்வாஸ் பை எல்லாவற்றையும் ஒப்படைக்க. டார்ச்சிலிருந்த பேட்டரியைக்கூடத் தனியே எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். முகம் வற்றியிருந்தது.

"நான் படிச்சதுல எங்கனா தப்பு நடந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். "ரெண்டாவது ஊர்ல தீட்டு வூட்டு வாசல்ல உக்காந்து படிச்சேன். வேற எடம் இல்ல. அதனாலதான் அந்த ஊர்ல இருந்து எல்லாமே அழிஞ்சி பூட்டுதோன்னு நெனைக்கிறேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் இடத்தை அவர் சரியாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது ஊரிலிருந்துதான் எல்லாம் மறைந்திருந்தது. நாக்கு நுனி வரை வந்தது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க" என்றேன்.

"நீ நல்லதுக்குச் சொல்ற. தப்பு இல்லன்னா வண்டி வந்திருக்கும்ல" என்றார். டீ போடுகிறேன் என்றேன். வேண்டாம், போகிற வழியில் ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது என்று கிளம்பிவிட்டார். என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை. என் மண்டைக்குள் அப்போது சாம்பல் நிறச் சஃபாரி சூட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தப் பத்தொன்பது நாளில் நான் படித்ததுபோல் வாழ்நாளில் எப்போதும் படித்ததில்லை. இரண்டு ஞாயிறு ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேலூர் போனேன். அங்கே ஒரு தட்டச்சு நிலையத்தில் புதிதாக டாஸ் கணிப்பொறி வைத்து மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார்கள். முற்றுக்குறியைக் கண்டுகொள்ளாமல் கோப்பை முழுதாகத் திரையில் கொட்டவைக்க டாஸில் என்ன கட்டளை என்று கற்றுக்கொண்டேன். ஒரு சாய்கோடும் 'பி' என்ற எழுத்தும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு தட்டும் வரை பழகினேன்.

பிறகு மலைக்கு வந்து பொறியைக் கட்டினேன். ஒரே ஒரு வரி உள்ள சின்னக் கோப்பு ஒன்று தயாரித்தேன். அந்த வரி என்னுடையது அல்ல, அவருடையது. அக்காவை நிறுத்திய கடிதத்திலிருந்து எடுத்தேன். 'பட்டியலைச் சரிபார்த்தேன். பட்டியல் முழுமையானது.' அதைப் பதினோரு ஊருக்கும் முன்னால் ஓ போட்டு ஒட்டினேன். அவர் திறந்தால் அந்த ஒரு வரி வரும், அதோடு முற்றுக்குறியும் வந்து கோப்பு நின்றுவிடும். செய்து முடித்தபோது நன்றாகப் பசித்தது. பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

கூட்டம் நடந்த அன்று அவர் காப்பி நிறச் சஃபாரியில் இருந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா. திரையைச் சுற்றி நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமை டாக்டர் முன்வரிசையில், பக்கத்தில் நன்கொடையாளர்கள். மலைமேலும் கீழேயும் இருப்பவை வேறு வேறு இயங்குதளங்கள், ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது, நடுவில் நின்று புரிய வைப்பது தான்தான் என்று அரைமணி நேரம் பேசினார். என்னிடம் கையை நீட்டி, பிளாப்பியை வாங்கினார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மாற்றும் மென்பொருள் ஓடி முடித்தது. கோப்பைத் திறந்தார். திரையில் ஒரு வரி வந்தது. பட்டியலைச் சரிபார்த்தேன், பட்டியல் முழுமையானது. அதோடு நின்றது.

இன்னொரு முறை திறந்தார். அதே வரி. மூன்றாம் முறையும் அதே வரி. நன்கொடையாளர்களில் ஒருவர் அதை வாய்விட்டுப் படித்தார். சஃபாரிக்காரர் என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா இது, வெறும் பிளாப்பியைக் கொண்டாந்திருக்க? மலையில உக்காந்து இன்னாதான் பண்றீங்க?" என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் பத்தொன்பது நாள் காத்திருந்தேன்.

"வெறும் பிளாப்பி இல்லீங்க. அளவைப் பாருங்க சார்" என்றேன்.

தலைமை டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஒரு வரிக்கு எப்படி இவ்வளவு பெரிய பைல்?" என்று சஃபாரிக்காரரைக் கேட்டார். அவர் மென்பொருள் என்றார், மெட்ராஸ் என்றார், மலையில் வோல்டேஜ் சரியில்லை என்றார். "சிஸ்டம் தெரிஞ்சவங்கதானே நீங்க, சொல்லுங்க" என்று டாக்டர் சொன்னபோது அவர் காதுமடல் சிவந்துவிட்டது. நான் நன்றாகப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

டாக்டரிடம் அனுமதி கேட்டு நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டளையைத் தட்டி, சாய்கோடு போட்டு, பி போட்டேன். பெயர்கள் இறங்க ஆரம்பித்தன. முதல் ஊர், ஊர் கேட்டது. இரண்டாவது ஊர், ஊர் கேட்டது. பதினோரு ஊரும் அப்படியே இறங்கி முடிந்தன. இதே பட்டியல்தான் வேன் வருவதற்கு ஒரு மாதம் முன்பே இவரிடம் வந்தது, இந்த இயந்திரத்தில் தேடினால் பழைய கோப்பும் இருக்கும் என்றேன். டாக்டர் தேடச் சொன்னார். இருந்தது. அதையும் சாய்கோடு போட்டுத் திறந்து காட்டினேன். பிறகு அக்காவை நிறுத்திய கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து டாக்டர் கையில் கொடுத்தேன்.

அடுத்த வாரமே அவரைக் கணிப்பொறியிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். பஞ்சும் பேண்டேஜும் எண்ணும் வேலை. செங்கம் போகும்போதெல்லாம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டோர் வழியாக ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். "பத்துக்கு மேல எண்ணிட்டீங்களா சார்?" என்று ஒரு முறை கேட்டும் விட்டேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த சுகத்தைப் போல எனக்குப் பிறகு எந்தப் பதவி உயர்விலும் கிடைக்கவில்லை.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலமே டாக்டர் அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பத்து ஊருக்கும் வேன் அனுப்பவும் நாள் குறித்தார். உத்தரவைத் தபாலில் அனுப்ப எனக்கு மனமில்லை. மறுநாள் ஜீப் போகிற தூரம் வரை போய், அங்கிருந்து நடந்தேன். வழியெல்லாம் கூட்டத்தில் நடந்ததை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எந்த இடத்தில் நிறுத்தினால் அக்கா சிரிப்பார் என்பது வரை.

அக்கா வீட்டுக்குப் பின்னால் சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தார். நான் தாளைக் கையில் கொடுத்துவிட்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முற்றுக்குறி, ஒரு வரி, சிவந்த காதுமடல், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிப்பார் என்று நான் நினைத்த இடத்தில் சிரிக்கவில்லை.

"அப்போ அது தீட்டு இல்ல" என்றார்.

"இல்லக்கா. அந்த ஆளோட தப்பு."

"ஒனக்கு இது எப்போ தெரிஞ்சிது?"

பொய் சொல்லியிருக்கலாம். முந்தாநாள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் நான் அப்போது வெற்றியின் மிதப்பில் இருந்தேன். எத்தனை நாள் பொறுமையாக அடைகாத்தேன் என்பதும் அந்தக் கதையில் ஒரு பெருமையாகவே எனக்குப் பட்டது. "நீங்க குடை குடுக்க வந்தீங்களே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, செவ்வாய்க்கிழமையே தெரியும்க்கா. கூட்டத்துக்காகக் காத்திருந்தேன்" என்றேன்.

அக்கா கையிலிருந்த கதிரைக் கீழே வைத்தார். அந்த ஊர்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஊருக்குக் கொடுத்த வார்த்தை தவறினால், தவறினவர் கவுண்டர் முன்னால், ஊர் நடுவில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, பொய் சொல்லிவிட்டேன் என்று வாயால் சொல்லி எழ வேண்டும். எழுந்த பிறகுதான் அந்த ஊரில் ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியும். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்டதுமில்லை.

"பத்து ஊர்ல உழுந்து எழுந்தேன்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. ஊர் ஊராக நினைவுபடுத்திக்கொண்டு விரலை மடக்கினார். "நீ சொல்ற அந்தச் செவ்வாக்கெழமைக்குள்ள மூணு ஊரு ஆயிருந்துச்சு. ஒங்கிட்ட குடை குடுத்துட்டு நேரா நாலாவது ஊருக்குத்தான் போனேன்."



"அந்த மூணு ஊர்ல என்னை உழ வச்சது அந்த ஆளு" என்றார். "மிச்சம் ஏழு ஊர்லயும் நீதாம்மா."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வெயிலில் நடந்து வந்திருக்கிறாயே என்று எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார், நான் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார். பிறகு மூன்று வருஷம் ஒரே நிலையத்தில் வேலை பார்த்தோம். ஊர்ப் பட்டியலோடு வருவார், நோட்டை மேசையில் வைப்பார், நான் தட்டி முடித்ததும் எடுத்துக்கொண்டு போவார். கடைசி வரி வந்ததா என்று என்னிடம் அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.